மசோதா நிலைக்குழுவுக்குப் போனால்: உரிமைக் கண்ணோடு படிக்கவும் கருத்து அனுப்பவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.பி.க்கள் அடங்கிய நாடாளுமன்ற நிலைக்குழு, மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதாவை ஆராய்ந்துகொண்டிருந்த சமயம். மதுரையிலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீங்க தில்லியிலேயே இருக்கீங்க. பார்லிமென்ட்ல யார்கிட்டயாவது இதைச் சொல்ல முடியாதா?" என்றார். அவர் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தையல் கடையில் வேலை, சொந்தச் சம்பாத்தியம். ஒரு வங்கிக் கிளையில் அவன் பெயரில் தனிக் கணக்கு தொடங்க மறுத்துவிட்டார்கள். அம்மா பெயரையும் சேர்த்தால்தான் ஆகும் என்றார்களாம். சம்பாதிக்கிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பணம் எடுக்க வேண்டும்.

முடியும் அக்கா, எழுதி அனுப்புங்கள் என்றேன். அன்றிலிருந்து மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படிப் பல கடிதங்கள் மொழிபெயர்ப்பாகியிருக்கின்றன. அந்த அனுபவத்தில் கற்றதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. தில்லியில் இருக்க வேண்டியதுகூட இல்லை.

எந்தக் குழு என்று கண்டுபிடிப்பது

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய நாடாளுமன்றத்தில் மனித உரிமைக்கென்று தனிக் குழு கிடையாது. பிரிட்டனில் இரு அவைகளுக்கும் பொதுவான மனித உரிமைக் கூட்டுக்குழு 2001 முதல் இயங்குகிறது. அங்கே மசோதா கொண்டுவரும் அமைச்சர், அது உரிமைகளோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி எழுதித் தர வேண்டும். அந்தக் குழு அதைத் தோண்டித் துருவிப் பார்க்கும். ஆஸ்திரேலியாவிலும் 2011-இல் இயற்றிய சட்டத்தின்படி இதே மாதிரி ஏற்பாடு உண்டு. நம் ஊரில் அமைச்சர் அப்படி எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை. அதனால் உரிமை பற்றிய கேள்வி தானாக மேசைக்கு வராது. உறுப்பினர் யாராவது கேட்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து யாராவது எழுதிக் கேட்க வைக்க வேண்டும். நம் வேலை இந்த இரண்டாவது.

தனிக் குழு இல்லாததால், எந்தத் துறையின் மசோதாவோ அந்தத் துறையின் நிலைக்குழுதான் உரிமையையும் பார்க்கிறது. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் 17-ஆகத் தொடங்கி, 2004-இல் 24 ஆயின. 16 மக்களவையின் கீழ், 8 மாநிலங்களவையின் கீழ். ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. உரிமை சம்பந்தமான மசோதாக்கள் பெரும்பாலும் உள்துறைக் குழு, பணியாளர் – சட்டம் – நீதிக் குழு, கல்வி – பெண்கள் – குழந்தைகள் குழு ஆகியவற்றுக்குப் போகும். இந்த மூன்றும் மாநிலங்களவையின் கீழ் வருபவை. மக்களவையின் கீழுள்ள சமூக நீதிக் குழுவுக்கும் நிறைய வரும். இவை தவிர, ஒரே ஒரு மசோதாவுக்காக அமைக்கும் தேர்வுக்குழு, இரு அவைகளும் சேர்ந்த கூட்டுக்குழு இரண்டும் உண்டு. அறிக்கை கொடுத்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடும்.

மசோதா குழுவுக்குப் போனதா என்று பார்ப்பது

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை. சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அனுப்பினால்தான் நிலைக்குழுவுக்குப் போகும். பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 15-ஆவது மக்களவையில் (2009–14) 71% மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் (2019–24) 16% மட்டுமே. இந்தச் சரிவு எனக்கு மிகுந்த கவலை தருகிறது. காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. அதன் 35-ஆவது பிரிவு, அரசு விரும்பும் துறையைச் சட்டத்திலிருந்து விலக்கிவைக்க வழிசெய்தது. குழு இரண்டு வருடம் உட்கார்ந்து, 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. விலக்கை அது நீக்கவில்லை. ஆனால் விலக்களிக்கும் நடைமுறை நியாயமானதாக, தேவைக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும் என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னது. 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றது. புதிய மசோதா 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமாகி, 9-ஆம் தேதிக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. எந்தக் குழுவுக்கும் போகவில்லை. இன்றைய சட்டத்தின் 17-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. குழு சேர்க்கச் சொன்ன சொற்கள் இல்லை.

ஆக, மசோதா அறிமுகமான அன்றே நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அதன் நிலையைப் பாருங்கள். குழுவுக்கு அனுப்பவில்லை என்றால் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதி, அனுப்பும்படி கோரச் சொல்லுங்கள். அவைகளின் மனுக்கள் குழுவுக்கும் மனு அனுப்பலாம். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால், குழுச் செயலகம் பத்திரிகைகளிலும் இணையதளத்திலும் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். அறிவிப்பு கண்ணில் படுவதற்குள் நாலைந்து நாள் ஓடியிருக்கும். ஆகவே, அறிவிப்பு வரும் முன்பே மசோதாவைப் படிக்கத் தொடங்கிவிடுங்கள்.

மசோதாவை உரிமைக் கண்ணோடு படிப்பது

நேரம் அதிகம் பிடிக்கிற வேலை இதுதான். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் களைத்துப்போவீர்கள். நான் படிக்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போகிறேன். நோக்கங்கள், காரணங்கள் பற்றிய அறிக்கை அங்கேதான் இருக்கும். அரசு இந்தச் சட்டத்தை எதற்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறது என்பதை ஒரே வாக்கியமாகக் குறித்துக்கொள்கிறேன். பக்கத்திலேயே, எந்தெந்த விஷயத்தைப் பின்னால் விதிகளாகப் போட்டுக்கொள்ள அரசு அதிகாரம் எடுத்துக்கொள்கிறது என்ற குறிப்பு இருக்கும். உரிமையைத் தொடும் விஷயம் அந்தப் பட்டியலில் இருந்தால் உடனே அடிக்கோடு. யாரைக் கைது செய்யலாம், யாருக்குச் சலுகை கிடையாது என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அதிகாரி எழுதும் விதிக்கு அதை விடக் கூடாது.

அடுத்து வரையறைகள். ஒரு சொல்லை எப்படி வரையறுக்கிறார்களோ அதில்தான் யார் உள்ளே, யார் வெளியே என்பது முடிவாகும். 2016-ஆம் ஆண்டுத் திருநர் மசோதா நல்ல பாடம். அதற்கு முன் 2015 ஏப்ரல் 24 அன்று, தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) மாநிலங்களவை நிறைவேற்றியிருந்தது. அரசு தன் பங்குக்குக் கொண்டுவந்த மசோதாவோ, திருநரை முழுப் பெண்ணும் அல்லாத, முழு ஆணும் அல்லாத ஒருவர் என்று வரையறுத்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்திருந்தது. அதற்கு நேர் எதிரான வரையறை இது. சமூக நீதி நிலைக்குழு 2017 ஜூலையில் கொடுத்த அறிக்கையில் இதைக் கண்டித்தது. பின்னால் வந்த மசோதாவில் அந்த வரையறை போய்விட்டது. திருமண உரிமை போன்றவை பற்றி அதே குழு சொன்னது 2019 சட்டத்தில் இடம்பெறவில்லை.

வரையறைக்குப் பிறகு, விலக்குகள். "இருந்தபோதிலும்", "பொருந்தாது", "அரசு கருதினால்" என்ற சொற்கள் வரும் இடங்களைத் தேடுங்கள். முன் பிரிவில் தாராளமாகக் கொடுத்த உரிமையை இங்கே சத்தமில்லாமல் திரும்ப வாங்கியிருப்பார்கள். கடைசியாகத் தண்டனைகளும் மேல்முறையீடும். பாதிக்கப்பட்டவர் யாரிடம் போவது, எத்தனை நாளில் போவது, உத்தரவிட்ட அதிகாரியிடமேவா மேல்முறையீடு என்று பாருங்கள்.

சரி, எதை வைத்து உரசிப் பார்ப்பது? அரசியல் சாசனத்தின் 13(2) உறுப்பு, அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்கிறது. 14 சமத்துவம், 19 பேச்சு உள்ளிட்ட சுதந்திரங்கள், 20 குற்றவழக்கில் பாதுகாப்பு, 21 உயிரும் சுதந்திரமும். இவற்றோடு 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், சர்வதேச உடன்படிக்கைகளில் அடங்கி நம் நீதிமன்றங்களில் நிலைநாட்டக்கூடிய உரிமைகளையும் மனித உரிமை என்றே சொல்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992-இல். மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை 2007-இல் ஏற்றது. அந்தரங்க உரிமை பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அளித்த தீர்ப்பு, உரிமையில் கை வைக்கும் எந்தச் சட்டத்தையும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தந்திருக்கிறது: இதற்குச் சட்ட அடிப்படை உண்டா, நோக்கம் முறையானதா, எடுத்த வழி அந்த நோக்கத்துக்கு மிஞ்சியதா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான பிரிவுகள் தடுமாறும்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, 2014-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதி மசோதாவின் 7-ஆவது பிரிவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தில்லியில் 2012 டிசம்பரில் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த மசோதா அது. 16 முதல் 18 வயதுக்குள் கடுமையான குற்றம் செய்தவர் 21 வயது கடந்தபின் பிடிபட்டால் அவரைப் பெரியவராகவே விசாரிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. இரண்டு பையன்கள் சேர்ந்து ஒரே குற்றம் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் மறுநாளே பிடிபடுகிறான், இன்னொருவனைப் போலீஸ் ஐந்து வருடம் கழித்துப் பிடிக்கிறது. முதலாமவனுக்குச் சிறார் நீதி, இரண்டாமவனுக்குப் பெரியவர் தண்டனை. போலீஸ் எப்போது பிடித்தது என்பது தண்டனையை முடிவு செய்கிறது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்துக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்பது 20(1) உறுப்பு. ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது 14. நிலைக்குழு 2015 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், மசோதா 14, 15(3), 20(1) உறுப்புகளுக்கு எதிரானது என்று சொன்னது. 7-ஆவது பிரிவை அரசு கைவிட்டது. 16–18 வயதினரைப் பெரியவராக விசாரிக்கும் ஏற்பாட்டையும் குழு எதிர்த்திருந்தது. அது மட்டும் சட்டத்தில் நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட பிரிவு, ஒரு குறிப்பிட்ட உறுப்போடு மோதுகிறது என்று யாரும் மறுக்க முடியாதபடி காட்டினால் அதைக் காப்பாற்றுவது அரசுக்குக் கஷ்டம்.

கருத்துரை எழுதுவது

நான் முதன்முதலில் எழுதிய கருத்துரை பதினான்கு பக்கம். நியாயமான கோபம்தான் அத்தனையும். இத்தகைய குழுக்களோடு பல வருடம் வேலை செய்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். எந்தப் பிரிவு, எந்த வரி, அதற்குப் பதில் என்ன?" என்று கேட்டார். அந்த மூன்று கேள்விகளையும் தாளின் மேலே எழுதி வைத்துக்கொண்டுதான் இப்போதும் உட்காருகிறேன். குழு கடைசியில் மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்துத்தான் பேசும். 9-ஆவது பிரிவு வரும்போது, அதைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று செயலகம் தொகுத்து வைத்திருக்கும். பிரிவு எண் இல்லாத கருத்து எந்த வரிசையிலும் உட்காராது.

மதுரை அக்காவின் கடிதம் கோடு போட்ட தாளில் நான்கு பக்கம், நல்ல தமிழில். வங்கியில் நடந்தது, மகன் அன்று சாப்பிடாமல் படுத்தது, கிளை மேலாளர் மகனைப் பார்க்காமல் தன்னிடமே பேசியது எல்லாம் இருந்தது. குழு அறிவிப்புகளில் வழக்கமாக, கருத்துரையை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதிகள் அனுப்பச் சொல்வார்கள். தமிழில் எழுதுகிறவர் தன் குரலை இன்னொரு மொழியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழிக்கு இது அநியாயம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் அவகாசம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. இரவு சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். நான்கு பக்கத்திலிருந்து ஒரே பத்தி எடுத்தோம். அதன் தமிழ் வடிவம் இது:

"சட்டபூர்வத் தகுதி பற்றிய பிரிவு, மாற்றுத்திறனாளி தன் பண விவகாரங்களைத் தானே கவனிக்கும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் ஒரு வங்கி அதை மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. என் மகன் காது கேளாதவன். மாதச் சம்பளம் வாங்குகிறவன். தனிக் கணக்கு கேட்டபோது, அம்மாவோடு சேர்ந்து வரச் சொன்னார்கள். எழுத்தில் மறுப்பு கேட்டோம், தரவில்லை. ஆகவே இந்தப் பிரிவில், 'குறைபாட்டைக் காரணம் காட்டி எந்த நிதி நிறுவனமும் தனிக் கணக்கை மறுக்கக் கூடாது. மறுத்தால் ஏழு நாளில் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்' என்று சேர்க்கக் கோருகிறேன்."

போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் "அவன் சாப்பிடாம படுத்ததை எடுத்துட்டீங்களா?" என்றார். தனிக் கடிதமாக அதையும் இணைத்தோம். அதை வெட்ட எனக்கு மனமில்லை. அந்த நான்கு பக்கத்தில் இருந்த உயிர் அந்தப் பத்தியில் இல்லை, உண்மைதான். மேலே பிரிவுவாரிக் கருத்து, இணைப்பில் முழுக்கதை என்ற முறையை அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. முதல் பக்கத்தில் நீங்கள் யார், இந்த மசோதா உங்களை எப்படித் தொடுகிறது என்று இரண்டு வரி. பிறகு பிரிவு எண், இப்போதுள்ள சொற்கள், எந்த உரிமையோடு மோதுகிறது, மாற்றுச் சொற்கள். நான்கைந்து பிரிவுக்கு மேல் போக வேண்டாம். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் கூப்பிட மாட்டார்கள். கொடுத்த கருத்துரை குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாக வைக்கப்படும். அறிவிப்பிலேயே இது எழுதியிருக்கும். அனுப்பிய கையோடு அதை ஊருக்கெல்லாம் சுற்றுக்கு விட்டுவிடாதீர்கள்.

நேரில் அழைத்தால்

கூட்டங்கள் பெரும்பாலும் நாடாளுமன்ற வளாகத்துக்கு அருகே உள்ள இணைப்புக் கட்டடத்தில் நடக்கும். பொதுமக்களுக்கோ பத்திரிகையாளர்களுக்கோ அனுமதி இல்லை. சொல்வது எல்லாம் சொல்லுக்குச் சொல் பதிவாகும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே ஒரே ஒரு பிரிவை எடுத்துப் பேசுங்கள். உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் தெரியாவிட்டால், எழுத்தில் தருகிறேன் என்று சொல்லலாம். உள்ளே நடந்ததை, அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அது நாடாளுமன்றத்தின் சிறப்புரிமையை மீறிய பிரச்சினையாகும்.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கை வந்ததும் பரிந்துரைப் பக்கத்துக்கு மட்டும் தாவாதீர்கள். பின்னிணைப்பில் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளும் கூட்டக் குறிப்புகளும் இருக்கும். உரிமை பற்றிய கூர்மையான வாதங்கள் பல சமயம் அங்கேதான் கிடைக்கும்.

2023 ஆகஸ்ட் 11 அன்று மூன்று புதிய குற்றவியல் மசோதாக்கள் அறிமுகமாகி, உள்துறைக் குழுவுக்குப் போயின. நவம்பரில் அறிக்கை வந்தது. குழு உறுப்பினர்களான ப. சிதம்பரம், என்.ஆர். இளங்கோ, தயாநிதி மாறன் ஆகியோர் கொடுத்த மாறுபட்ட குறிப்புகளைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த அறிக்கையில் இன்னொரு பாடமும் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த கள்ள உறவுக் குற்றத்தை, ஆண் பெண் இருவருக்கும் பொதுவானதாக மாற்றித் திரும்பச் சேர்க்கும்படி குழுவே பரிந்துரைத்தது. அரசு சேர்க்கவில்லை. அதே குழு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவில் சம்மதமில்லாத செயல்களுக்கான பகுதியைக் காப்பாற்றச் சொன்னது. அரசு அதையும் சேர்க்கவில்லை. ஆண்கள் மீதும் திருநர் மீதும் நடக்கும் பாலியல் வன்முறைக்கு இருந்த ஒரு பாதுகாப்பு அதனால் போனது. ஒரே குழு, ஒரே அறிக்கை. ஒரு பரிந்துரை உரிமையைச் சுருக்கப் பார்த்தது, இன்னொன்று காக்கப் பார்த்தது. குழு சொன்னது என்பதாலேயே அது உரிமைக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பரிந்துரையையும் அதே உரைகல்லில் உரசிப் பாருங்கள்.

அறிக்கைக்குப் பிறகு

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. நிலைக்குழு அறிக்கைகளை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு விதிகள் நின்றுவிடுகின்றன. ஆகவே அறிக்கை வந்த வாரத்திலேயே அடுத்த வேலை தொடங்குகிறது: உங்கள் பிரிவு பற்றிக் குழு என்ன சொன்னது என்று அறிக்கையின் பத்தி எண்ணோடு எம்.பி.க்கு எழுதி, விவாதத்தில் திருத்தம் கொண்டுவரக் கேளுங்கள்.

மசோதா எந்த அவையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. அதற்காகக் கொண்டுவந்த சித்திரவதைத் தடுப்பு மசோதாவை மக்களவை 2010 மே மாதம் நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பியது. குழு அதே ஆண்டு டிசம்பரில் மசோதாவைப் பலப்படுத்தி அறிக்கை கொடுத்தது. அப்புறம் யாரும் எடுக்கவில்லை. 2014-இல் மக்களவை கலைந்ததும், அரசியல் சாசனத்தின் 107-ஆவது உறுப்புப்படி மசோதா காலாவதியானது. காவல் நிலையச் சாவுகளைச் செய்தியாகப் படிக்கும்போதெல்லாம் அந்த மூன்றரை வருட மௌனம் என் நினைவுக்கு வருகிறது. மாற்றுத்திறனாளிகள் மசோதா 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. மக்களவை அதைத் தொட்டிருக்கவில்லை என்பதால், மக்களவை கலைந்தபோதும் உயிரோடிருந்தது. 2015 மே மாதம் நிலைக்குழு அறிக்கை வந்தது. 2016 டிசம்பரில் சட்டமானது.

சட்டமான பிறகும் ஒரு வேலை மிச்சம். விதிகள் வரும். அவை இரு அவைகளிலும் மொத்தம் 30 அமர்வு நாட்கள் வைக்கப்படும். சட்டம் கொடுத்த அதிகாரத்தை விதி தாண்டியிருக்கிறதா என்று பார்க்க, இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டக் குழு இருக்கிறது. விதி எண், சட்டப் பிரிவு எண் இரண்டையும் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கும் எழுதலாம். 2017 ஜூனில் மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள் வெளியானபோது மதுரை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் போன் வந்தது. "தம்பி, வங்கி பத்தி இதுல எந்த வரியில இருக்கு?" என்று கேட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.